இரும்பும் எலும்புருக்கியும்



பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இரயில் பாதையில் ஊரிகம் என்றொரு நிலையம் உண்டு. கோலார் தங்கவயலைச் சேர்ந்த இவ்வூரின் பெயர் தங்கத்தோடு சேர்த்தே உலகுக்கு அறிமுகமாயிற்று. ஆயினும் இன்று நாம் பேசப் புகுவது தங்கத்தைப் பற்றியன்று, இரும்பைப் பற்றி. அதிலும், நிலத்துக்கு அடியில் கிடக்கும் இரும்பைப் பற்றியன்று. மனித உடலுக்குள் இருக்கும் சிறிதளவு இரும்பையும், அதனைக் கவர்ந்து பிழைக்கும் நோய்க்கிருமிகளையும், அவற்றின் தந்திரத்தை மனிதன் கண்டறிந்த வரலாற்றையும் பற்றியதாகும். இவ்வரலாற்றுக்கும் ஊரிகத்துக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். எலும்புருக்கி என்று நம் முன்னோர் அஞ்சி அழைத்த காசநோயே அத்தொடர்பு.

முதலில் ஊரைச் சற்றே நினைவுகூர்வோம். 1880-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் கால் வைத்தனர். மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகியன பெயர் பெற்ற சுரங்கங்கள் ஆயின. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழில் அறிந்த வெள்ளையர் வந்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து நம் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிடர்கள். 1902-இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் ஆழ்ந்துகொண்டே போயிற்று. சாம்பியன் ரீப் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் தோன்றியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதி நாளில் சுரங்கங்கள் மூடப்பெற்றன. ஏறக்குறைய 800 டன் தங்கம் அந்நிலத்திலிருந்து எடுக்கப்பட்டதாகக் கணக்கிடுவர். ஊரும் தமிழும் மட்டும் அங்கே எஞ்சி நிற்கின்றன.

தங்கம் அங்கே தனிக் கட்டியாகக் கிடைக்கவில்லை. குவார்ட்ஸ் எனப்படும் வெண்மையான பளிங்குக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது கலந்திருந்தது. அக்கல்லைத் துளைத்து, வெடிவைத்துப் பிளந்து, மேலே ஏற்றி, மாவாக இடித்த பின்னரே தங்கம் பிரியும். இவ்வேலைகளில் எழும் தூசி சாமானியத் தூசியன்று. சிலிகா என்னும் கூரிய நுண்துகள்கள் மூச்சோடு சேர்ந்து நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லும். சென்ற துகள் திரும்ப வெளிவருவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரலில் தழும்பு மேல் தழும்பாக முடிச்சுகள் விழும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பின்னர்ச் சமதரையில் நடந்தாலும் வாங்கும். இதனைச் சிலிகோசிஸ் என்பர்.

1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,600-க்கு மேற்பட்ட தொழிலாளருக்கு மார்புப் படம் எடுத்துப் பரிசோதித்தனர். கேப்லன், பர்டன் என்ற இருவரின் பெயரால் 1947-இல் வெளியான அவ்வாய்வின் முடிவு, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரின் நுரையீரலில் சிலிகாவின் தழும்பு இருந்தது என்பதாம். இந்தியாவில் இந்நோய்க்குக் கிடைத்த முதற்பெரும் சான்று இதுவே. பொன் விளைந்த மண்ணில் ஐவரில் இருவர் தம் மூச்சை விலையாகக் கொடுத்தனர் என்பதே இதன் பொருள்.

சிலிகோசிஸ் தனியே வருவதோடு நிற்பதில்லை. சிலிகா படிந்த நுரையீரலைக் காசநோய்க் கிருமி எளிதில் பற்றுகிறது. அத்தகையோர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு பிறரைவிட மூன்று மடங்கும் அதற்கு மேலும் என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிவு. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களிலும் கார்ன்வால் சுரங்கங்களிலும் இதே துயரம் நிகழ்ந்தது. கார்ன்வால் சுரங்கத்தாரின் நலம் குறித்து 1904-இல் ஹால்டேன் என்ற அறிஞர் அளித்த அறிக்கை, பாறை துளைக்கும் எந்திரத்தை இயக்கியோர் நுரையீரல் நோயால் இளமையிலேயே மாண்டதை எடுத்துக் காட்டிற்று. எங்கும் ஒரே கேள்வி எழுந்தது: கல்தூசிக்கும் கிருமிக்கும் ஏன் இந்த நட்பு?

இக்கேள்விக்கு விடை பல. அவற்றுள் ஒன்று இரும்பு. அதனை அறிய நம் உடலின் இரும்புக் கணக்கைப் பார்ப்போம்.

வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உண்டு. ஒரு சிறு ஆணியின் எடைதான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தின் செந்நிறப் பொருளான ஹீமோகுளோபினில் அடங்கியுள்ளது. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அவ்விரும்பே. மீதியுள்ளதில் பெரும்பகுதி கல்லீரலிலும், பழைய இரத்த அணுக்களைத் தின்று தீர்க்கும் பெருவிழுங்கி அணுக்களிலும் சேமிக்கப்பட்டிருக்கும். இரத்த நீரில் பயணம் செய்யும் இரும்போ சில மில்லிகிராம்களே. அதுவும் தனியே உலவுவதில்லை. டிரான்ஸ்பெரின் என்ற புரதம் அதனைக் கைப்பிடியாகப் பிடித்துச் செல்கிறது. ஒரு டிரான்ஸ்பெரின் இரண்டு இரும்பு அணுக்களை ஏந்த வல்லது. நலமுள்ள உடலில் அதன் இடங்களில் மூன்றில் ஒரு பங்கே நிரம்பியிருக்கும். ஆகவே வழியில் சிந்தும் இரும்பை உடனே அள்ளிக்கொள்ள வெறுங்கைகள் எப்போதும் தயாராக உள்ளன.

இரும்பு இவ்வாறு காவலில் வைக்கப்பட்டிருப்பதன் காரணம் யாது? கட்டற்ற இரும்பு உடலின் உறுப்புகளையே அரிக்கக்கூடியது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், நம்மைப் போலவே கிருமிகளுக்கும் இரும்பு தேவை என்பது. காசநோய்க் கிருமியும், சீதபேதிக் கிருமியும், கொள்ளைநோய்க் கிருமியும் மூச்சு விடவும் பெருகவும் இரும்பின்றி இயலாதவை. பூமியின் மேலோட்டில் எடையால் நான்காம் இடம் பெறும் மூலகம் இரும்பு. எனினும் நம் உடலுக்குள் புகுந்த கிருமிக்கு அது பாலைவனத்து நீரினும் அரிதாகும்.

இவ்வுண்மை ஒரு கோழிமுட்டையிலிருந்து வெளிப்பட்டது. 1944-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஷேட், கரோலைன் என்ற இரு ஆராய்ச்சியாளர், பச்சை முட்டையின் வெண்கருவில் சீதபேதிக் கிருமி முதலியவை வளராததைக் கண்டு, காரணத்தைத் தேடினர். வெண்கருவில் ஏதோ நஞ்சு இருக்கலாம் என்றே எவரும் நினைப்பர். அவர்களோ பலவகை ஊட்டப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். எதுவும் பலிக்கவில்லை. இரும்பைச் சேர்த்ததும் கிருமிகள் பெருகின. வெண்கருவில் நஞ்சு இல்லை; இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று உள்ளது; கிருமி பட்டினியால் வாடியது என்பது தெளிவாயிற்று. 1946-இல் அதே இருவர் மனித இரத்த நீரிலும் இத்தகைய புரதம் இருப்பதைக் காட்டினர். அதுவே மேலே சொன்ன டிரான்ஸ்பெரின். பின்னர்த் தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் லாக்டோபெரின் என்ற உறவுப் புரதம் இருப்பது தெரிந்தது. பச்சிளங் குழந்தையின் வயிற்றைக் காக்கும் தாய்ப்பாலின் ஆற்றல்களுள் இதுவும் ஒன்று.

காய்ச்சல் கண்டவுடன் இரத்த நீரின் இரும்பு விரைவாகக் குறைவதையும் அக்காலத்திலேயே மருத்துவர் கண்டனர். அது ஏன் என்பது 2000-ஆம் ஆண்டை ஒட்டியே விளங்கிற்று. கிருமி நுழைந்த செய்தி எட்டியதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சிறு புரதத்தைச் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு இரத்தத்தில் சேராமலும், சேமிப்பில் உள்ள இரும்பு வெளிவராமலும் கதவடைக்கிறது. முற்றுகைக் காலத்தில் கோட்டைக்குள் தானியத்தைப் பூட்டி வைக்கும் அரசனின் உபாயம் இது. 1970-களில் கோச்சன், வைன்பெர்க் ஆகிய அறிஞர்களின் எழுத்துகளால் பரவிய ஒரு தொடரை, கலைப் பட்டம் பெற்று மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட நாம் 'உணவு மறுப்புக் காப்பு' என்று தமிழாக்க விரும்புகிறோம். பகைவனுக்கு உணவு மறுத்தலே காப்பாதலின் அப்பெயர் பொருந்தும்.

கோட்டையில் பூட்டு உண்டென்றால், வெளியே திருட்டுச் சாவியும் உண்டு. அதன் கதை மாடுகளிடமிருந்து தொடங்குகிறது. காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு கிருமி மாடுகளின் குடலைத் தாக்கி மெலிவிக்கும். அதற்கு ஜோனே நோய் என்று பெயர். அக்கிருமியைச் சோதனைச் சாலையில் வளர்க்க எவராலும் இயலவில்லை. 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டுவார்ட், இங்க்ரம் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் ஒரு யுக்தி செய்தனர். புல்லில் வாழும் தீங்கற்ற உறவுக் கிருமி ஒன்றைக் கொன்று, அதன் சாற்றை ஊட்டத்தில் கலந்தனர். வளராதது வளர்ந்தது. புல்லின் கிருமி தானே செய்துகொள்ளும் ஏதோ ஒரு பொருளை மாட்டின் கிருமி செய்யமாட்டாது என்று அவர்கள் உணர்ந்தனர். அப்பொருள் இன்னதென்று அவர்களுக்குத் தெரியாது.

முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 1949-இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ், ஸ்னோ முதலிய இரசாயன அறிஞர் அப்பொருளைப் பிரித்தெடுத்து மைக்கோபாக்டின் என்று பெயரிட்டனர். ஸ்னோவின் தொடர்ந்த உழைப்பால் அதன் அமைப்பும் வேலையும் தெளிவாயின. மைக்கோபாக்டின் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சிறு கொடுக்கு. கிருமி அதனை உண்டாக்கித் தன் கொழுப்பு நிறைந்த மேலுறையில் பதித்து வைத்துக்கொள்ளும். அதனோடு இணைந்து, நீரில் கரையும் மற்றொரு வகைக் கொடுக்கையும் வெளியே அனுப்பும். வெளியே சென்ற கொடுக்கு டிரான்ஸ்பெரினின் கையிலிருந்தே இரும்பைப் பறித்து வந்து உறையிலுள்ளதிடம் ஒப்படைக்கும். அங்கிருந்து அது கிருமியின் உள்ளே செல்லும்.

இத்தகைய கொடுக்குகளை விஞ்ஞானிகள் சிடெரோபோர் என்கின்றனர். கிரேக்க மொழியில் இரும்பைச் சுமப்பது என்று பொருள். தமிழில் 'இரும்பேந்தி' எனலாம். 1952-இல் நீலண்ட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் பயிர்நோய் உண்டாக்கும் பூஞ்சை ஒன்றில் இவ்வகைப் பொருளைக் கண்டார். 1970-இல் குடல்வாழ் பாக்டீரியங்களில் என்டரோபாக்டின் என்ற இரும்பேந்தியை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். இரும்பைப் பிடிக்கும் வலிமையில் அதற்கு ஒப்பானவை அரிது. 1898-இல் பெங்களூரில் புகுந்து மைசூர் சீமையை நடுங்க வைத்த கொள்ளைநோயின் கிருமியும் எர்சினியாபாக்டின் என்ற இரும்பேந்தியை உடையதே.

எல்லாக் கிருமிகளும் ஒரே வழியில் திருடுவதில்லை. மூளைக்காய்ச்சல் தரும் ஒருவகைக் கிருமி இரும்பேந்தி செய்யும் சிரமமே படாமல், மனித டிரான்ஸ்பெரினை நேரே பிடித்து இரும்பை உருவிக்கொள்கிறது. வேறு சில சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினைக் கொள்ளையிடுகின்றன. தொண்டையடைப்பான் கிருமியோ, இரும்பு குறைந்தபோதுதான் தன் நஞ்சை மிகுதியாகச் சுரக்கிறது. இதனை 1936-லேயே பாப்பன்ஹைமர், ஜான்சன் என்போர் கண்டனர். பசித்த திருடன் கத்தி எடுப்பது போலும்.

உடலும் வாளாவிருப்பதில்லை. என்டரோபாக்டினைத் தேடிப் பிடித்து முடக்கும் புரதம் ஒன்று நம் வெள்ளணுக்களில் இருப்பது 2002-இல் தெரிந்தது. அதற்குச் சிடெரோகாலின் என்று பெயர். ஆனால் டைபாய்டுக் கிருமியின் குலத்தைச் சேர்ந்தவை தம் இரும்பேந்தியின் மேல் சர்க்கரையைப் பூசி, அப்புரதத்தின் பிடிக்கு அகப்படாமல் நழுவுகின்றன. பூட்டுக்கு ஏற்ற சாவியும், சாவிக்கு ஏற்ற மறுபூட்டுமாக இப்போர் மனித குலத்தின் வயதளவு நீண்டது.

இனி ஊரிகத்துக்கு மீள்வோம். காசநோய்க் கிருமியின் சூழ்ச்சி பிற கிருமிகளினும் கொடியது. ஏனெனில் அது குடியிருப்பது நம் பெருவிழுங்கி அணுவுக்குள்ளேயே. நுரையீரலில் நுழையும் அயற்பொருளை விழுங்கி அழிப்பது அவ்வணுவின் கடமை. காசநோய்க் கிருமியை அது விழுங்குகிறது. ஆனால் கிருமி சாகாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. காய்ச்சலின்போது உடல் இரும்பைப் பூட்டி வைக்கும் இடங்களுள் இப்பெருவிழுங்கியும் ஒன்று என்பதை மேலே கண்டோம். பகைவனுக்கு எட்டாதபடி தானியத்தைப் பூட்டிய களஞ்சியத்திலேயே பகைவன் ஒளிந்திருக்கிறான்! 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மைக்கோபாக்டின் செய்யும் ஆற்றலை இழக்கச் செய்யப்பட்ட காசநோய்க் கிருமி பெருவிழுங்கிக்குள் நன்கு பெருக இயலாமல் தளர்ந்தது. கொடுக்கை முறித்தால் கிருமி இளைக்கும் என்பது அதனால் உறுதியாயிற்று.

இப்போது கல்தூசியைச் சேர்த்துப் பாருங்கள். சிலிகாத் துகளையும் விழுங்குவது அதே பெருவிழுங்கியே. கூரிய அத்துகளைச் செரிக்கமாட்டாமல் அணு நொந்து மடிகிறது; அதிலிருந்து சிதறிய துகளை அடுத்த அணு விழுங்கி அதுவும் மடிகிறது. காவலர் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்த வாயிலில் கிருமி தடையின்றி நுழைகிறது. சிலிகாத் துகளின் மேற்பரப்பு இரும்பைப் பற்றித் தேக்கி வைக்கும் தன்மையுடையது என்பதும் சோதனைகளால் அறியப்பட்டுள்ளது. அவ்வாறு தேங்கிய இரும்பு, உள்ளே குடியேறிய கிருமிக்குக் கைக்கெட்டிய உணவாகலாம் என்ற கருத்தை ஆய்வாளர் சிலர் கூறியுள்ளனர். இக்கருத்து இன்னும் ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. ஆயினும் மூச்சில் கல்லைச் சுமந்த தொழிலாளியின் நுரையீரலைக் கிருமி ஏன் விரும்பிற்று என்பதற்கு அது ஒரு வழி காட்டுகிறது.

மற்றொரு தங்க நகரின் சான்றும் உண்டு. 1925 முதல் 1928 வரை ஜோஹன்னஸ்பர்க்கில் ஸ்ட்ராக்கன் என்ற மருத்துவர், இறந்த ஆப்பிரிக்கர் பலரின் உடல்களைப் பரிசோதித்து, உறுப்புகளில் இரும்பு அளவுக்கு மீறிப் படிந்திருப்பதை 1929-இல் எழுதினார். இரும்புக் கலங்களில் காய்ச்சும் நாட்டு மதுவே அவ்விரும்பு மிகுவதற்கு முக்கிய வழி என்பது பின்னர் விளங்கிற்று. அவருடைய ஏட்டை 1996-இல் மீண்டும் எடுத்துக் கணக்கிட்ட அறிஞர், மண்ணீரலில் இரும்பு மிகுந்தோரிடையே காசநோயால் இறந்தவர் மிகுந்திருந்ததைக் காட்டினர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிய எண்கள் இவ்வாறு புதுப்பொருள் தந்தன.

இதனை நோயாளியின் படுக்கையருகே நின்று ஊகித்தவர் ஒருவர் அதற்கும் முன்னரே இருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் புகழ் பெற்றிருந்த துரூசோ என்ற மருத்துவர், எலும்புருக்கி கண்டவர்க்கு இரும்பு மருந்து தரலாகாது என்று தம் மாணவரை எச்சரித்தார். காசநோய்க் கிருமியைக் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882-இல் கண்டறிவதற்கு முன்னரே கூறிய எச்சரிக்கை அது. வெளுத்த முகத்தைக் கண்டால் இரும்புச் சத்து மருந்து தருவது எல்லா நாட்டு மருத்துவத்திலும் வழக்கம். நம் சித்த மருத்துவத்திலும் பாண்டு என்ற சோகைக்கு அயச்செந்தூரம் வழங்குவதுண்டு. சோகைக்கு இரும்பு நன்மருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் காசநோயாளியின் வெளுப்பு பல நேரங்களில் இரும்பு இல்லாமையால் வருவதன்று. உடல் இரும்பைப் பூட்டி வைத்திருப்பதால் வருவது. காசநோய்க்கு மருந்து உண்டு கிருமி ஒழியுமானால் அவ்வெளுப்பில் பெரும்பகுதி தானே மாறிவிடும்.

மருந்தின் வரலாற்றிலும் இரும்பின் நிழல் படிந்திருக்கிறது. 1940-இல் பெர்ன்ஹைம் என்பவர், சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்தால் காசநோய்க் கிருமி பிராணவாயுவை மிகுதியாக உட்கொள்வதைக் கண்டார். கிருமி விரும்பும் பொருளைப் போலவே தோற்றமுள்ள போலிப் பொருளைக் கொடுத்து அதனை ஏமாற்றலாமே என்று ஸ்வீடன் நாட்டு லேமன் எண்ணினார். அவ்வெண்ணத்தில் பிறந்ததே 'பாஸ்' என்று சுருக்கமாக வழங்கும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்ந்து காசநோய்க்கு முதன்முதலில் பலித்த மருந்துகளுள் அது ஒன்று. மைக்கோபாக்டினைக் கட்டுவதற்குக் கிருமி தொடக்கப் பொருளாகக் கொள்வதும் சாலிசிலிக் அமிலமே என்பது பின்னர்த்தான் தெரிந்தது. ஆகவே பாஸ் கிருமியின் இரும்பு வேட்டையைக் கெடுத்தே கொல்கிறது என்று 1972-இல் ராட்லெட்ஜ் என்ற ஆங்கில அறிஞர் கருதினார். இன்றைய ஆய்வுகள் கிருமியின் போலேட் என்ற ஊட்டப் பாதையைக் கெடுப்பதையே அதன் தலையாய வேலை எனக் காட்டுகின்றன. ஒரு விளக்கம் வந்து மற்றொன்றுக்கு இடம் கொடுப்பது விஞ்ஞானத்தின் நடைமுறை.

அந்த மருந்தை உலகம் நம்பிக் கொடுக்கக் கற்றது சென்னையில் என்பது தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையத்தை நிறுவின. நகரின் ஏழை மக்களுள் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய விடுதியிலும், மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஐசோனியசிட், பாஸ் என்ற இரு மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது: நெருக்கடியான குடிசையில் எளிய உணவோடு மருந்துண்டவரும் விடுதியில் இருந்தவரைப் போலவே குணமடைந்தனர். அதற்கு முன்னர் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் போன்ற விடுதிகளில் இடம் கிடைத்தவர்க்கே வாழ்வு என்றிருந்தது. சென்னை ஆய்வுக்குப் பின் தங்கவயலின் லைன் வீட்டிலும் தாராவியின் குடிசையிலும் மருந்து சென்று சேரலாம் என்பது உறுதியாயிற்று.

இவ்வரலாற்றைக் கேட்ட நேயர் சிலர் அஞ்சி, வீட்டிலுள்ள இரும்புச் சத்து மாத்திரையை வீசிவிட நினைக்கலாம். அது பெரும் பிழையாகும். நம் நாட்டில் தாய்மாரும் குழந்தைகளும் சோகையால் படும் துன்பம் மிகப் பெரிது. கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர் தரும் இரும்பு மாத்திரை அவளையும் குழந்தையையும் காப்பது, அதனை நிறுத்தலாகாது. நாம் சொல்ல வந்தது வேறு. பல வாரங்களாக இருமலும், மாலைக் காய்ச்சலும், உடல் இளைப்பும் உள்ள ஒருவர், முகம் வெளுத்திருக்கிறது என்று கடையில் சத்து மருந்து வாங்கிக் குடித்துக் காலம் கடத்தலாகாது. முதலில் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் எம்மாநிலத்தவர்க்கும் இலவசம். இரும்பு வேண்டுமா, எப்போது வேண்டும் என்பதை இரத்தத்தைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

உணவைக் குறைக்க வேண்டும் என்றும் எவரும் எண்ணலாகாது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு ஜில்லாக்களில் நடந்த ஆய்வொன்றில், காசநோயாளியின் குடும்பத்தார்க்கு அரிசி, பருப்பு முதலியவற்றை மாதந்தோறும் கொடுத்தனர். அக்குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர் நூற்றுக்கு முப்பத்தொன்பது அளவு குறைந்தனர். நிறைந்த உணவு உடலின் காவலரை வலுப்படுத்துகிறது. இரும்பைப் பூட்டவும் திறக்கவும் வேண்டிய காலத்தை உடல் தானே அறியும். அதற்கு வேண்டிய தெம்பைக் கொடுப்பதே நம் கடமை.

எஞ்சியது தூசியைப் பற்றிய ஒரு சொல். ஊரிகத்துச் சுரங்கம் மூடப்பட்டது, சிலிகா மறைந்துவிடவில்லை. மந்தசோரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவரின் நுரையீரலிலும், குஜராத்தில் குவார்ட்ஸ் கல் அரைத்தவரின் நுரையீரலிலும் அது தன் தழும்பை எழுதியிருக்கிறது. கல் உடைக்கும் இடத்திலும், வார்ப்புப் பட்டறையிலும், கிரானைட் அறுக்கும் சாலையிலும் தாயகம் விட்டுச் சென்ற நம் மக்கள் பலர் இன்று வேலை செய்கின்றனர். நீர் தெளித்துத் துளையிடுதல், தூசியை உறிஞ்சும் கருவி, முறையான முகமூடி, ஆண்டுதோறும் மார்புப் படம் ஆகிய நான்கும் முதலாளி காட்டும் கருணை அல்ல, தொழிலாளியின் உரிமை. சிலிகோசிஸ் ஈட்டுத்தொகைக்கு உரிய தொழில்நோய் என்று சட்டம் ஏற்றுள்ளது. ஆகையால் இருமலோடு மருத்துவரிடம் செல்லும் கல் தொழிலாளி, தாம் செய்த வேலை இன்னதென்று முதலிலேயே கூறி, அதனைச் சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். எழுதப்படாத வேலைக்கு ஈடு கிடைப்பது அரிது.

கிருமியின் கொடுக்கை முறிக்கும் புது மருந்துகளை உலகின் பல ஆய்வுச்சாலைகள் தேடி வருகின்றன. அவை வரும் நாளில் வரட்டும். அதுவரை கல்தூசியை மூச்சில் ஏற்றாமல் தடுப்பது மனிதன் கையிலேயே உள்ள மருந்தாகும். தங்கவயலின் மூன்று தலைமுறையினர் அம்மருந்து கிடைக்காமல் மாண்டனர். அடுத்த தலைமுறைக்கு அது கிடைக்கச் செய்வதே அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.